கேட்டு வாங்க முடியாத சிரிப்பு

வீட்டில் நாள் முழுதும் கலகலவென்று சிரித்துக்கொண்டிருக்கும் தன் ஐந்து வயது மகன், கைப்பேசியை உயர்த்தி "சிரிடா கண்ணா" என்றதும் பல்லை மட்டும் காட்டிக்கொண்டு விறைத்து நிற்பதாகவும், பிறந்தநாள் படங்கள் அத்தனையிலும் அதே முகம்தான் இருப்பதாகவும் எழுதி, இதற்குக் காரணம் என்ன என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். பையனுக்குக் கண் பட்டிருக்கிறது என்று பாட்டி சுற்றிப் போட்டாராம். பாட்டியின் அக்கறையை நான் மதிக்கிறேன். ஆனால் காரணம் வேறு. அம்மா சொன்னதை அந்தப் பையன் அப்படியே செய்திருக்கிறான். சொல்லிச் செய்யும் சிரிப்பு அவ்வளவுதான் இருக்கும்.

புன்னகையில் இரண்டு தசைகளின் பங்கு பெரிது. கன்ன எலும்பிலிருந்து உதட்டோரத்துக்குச் சாய்வாக இறங்கும் சைகோமாட்டிகஸ் தசை சுருங்கும்போது வாயின் ஓரங்கள் மேலே இழுபடுகின்றன. கண்ணைச் சுற்றி வளையமாக அமைந்த கண்சூழ் தசையின் வெளிவட்டம் சுருங்கும்போது கன்னம் மேலேறி, கீழிமை சற்றே உப்பி, கண் இடுங்குகிறது. இப்போது 'ஈ' என்ற எழுத்தை நீட்டிச் சொல்லிப் பாருங்கள்: உதடு விரியும், பல் தெரியும், கண் இருந்தபடியே இருக்கும். படம் எடுப்பவர்கள் குழந்தையை "சீஸ்" சொல்லச் சொல்வதும் 'ஈ' காட்டச் சொல்வதும் முதல் தசைக்கு மட்டும் இடும் வேலை.

இந்த வேறுபாட்டை முதலில் தெளிவாகக் காட்டியவர் பிரெஞ்சு நரம்பியல் மருத்துவர் கியோம் டுஷேன். முகத்தில் வலியுணர்வு குன்றிய ஒரு முதியவரின் தசைகளை அவர் ஒவ்வொன்றாக மின்சாரத்தால் தூண்டிப் படம் எடுத்து, 1862இல் வெளியிட்டார். உதட்டோரத் தசையை மட்டும் மின்சாரம் இழுத்த படத்தை டார்வின் 24 பேரிடம் காட்டியபோது, மூவருக்கு அந்த முகம் என்ன சொல்கிறது என்றே புரியவில்லை. மற்றவர்கள் அதைச் சிரிப்பு வகையில் சேர்த்தாலும், சிரிக்க முயல்கிறார் என்பது போன்ற விளக்கங்களையே சொன்னார்கள். அதே முதியவர் இயல்பாகப் புன்னகைத்த படத்தையோ, பார்த்த எல்லோரும் உடனே அடையாளம் கண்டார்கள். உதட்டோரத் தசை நம் விருப்பத்துக்குக் கட்டுப்படும், கண்சூழ் தசையை உள்ளத்தின் மகிழ்ச்சிதான் அசைக்கும் என்பது டுஷேனின் முடிவு. கண்ணும் சேர்ந்து சிரிக்கும் சிரிப்புக்கு டுஷேன் சிரிப்பு என்ற பெயரை உளவியலாளர் பால் எக்மன் குழுவினர் 1990இல் முன்வைத்தார்கள்.

என்னை ஒவ்வொரு முறையும் வியக்க வைப்பது இதற்கு அடுத்த படி. ஒரே முகத்துக்கு மூளையிலிருந்து இரண்டு வழிகளில் கட்டளை வருகிறது. நாமாக எண்ணி உதட்டை விரிக்கும்போது, கைகால்களை அசைக்கச் சொல்லும் அதே இயக்கப் புறணியிலிருந்து கட்டளை கிளம்புகிறது. சிரிப்பு தானாக வரும்போது, மூளையின் உட்புறத்திலும் ஆழத்திலும் உள்ள, உணர்ச்சியோடு தொடர்புடைய வேறு பகுதிகளிலிருந்து அது புறப்படுகிறது. இரண்டும் மூளைத்தண்டில் முகநரம்பு தொடங்கும் இடத்தில் வந்து சேர்ந்து, அதன் பிறகு ஒரே நரம்பின் வழியாகத் தசைகளை அடைகின்றன. பக்கவாதம் இதைக் கண்முன் காட்டிவிடும். இயக்கப் புறணியில் ஒரு பக்கம் பாதிக்கப்பட்ட நோயாளியிடம் மருத்துவர் "பல்லைக் காட்டுங்கள்" என்கிறார். மறுபக்கத்து வாயோரம் அசையாமல் தொங்குகிறது, வாய் கோணுகிறது. சற்று நேரத்தில் அருகிலிருப்பவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, அதே நோயாளி சிரிக்கிறார். அப்போது இரண்டு ஓரங்களும் சமமாக உயர்கின்றன! கேட்டபோது அசையாத தசை, கேட்காதபோது அசைகிறது. இதற்கு நேர்மாறானவர்களும் உண்டு: சொன்னால் இருபுறமும் ஒழுங்காக உதட்டை விரிப்பார்கள், ஆனால் உண்மையாகச் சிரிப்பு வரும்போது ஒரு பக்கம் பின்தங்கிவிடும்.

டுஷேனிடம் இந்த ஆராய்ச்சியால் யாருக்கு என்ன பயன் என்று கேட்டு அன்றே நிறுத்தியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் அடிக்கடி எண்ணுவதுண்டு. இன்று முகவாதத்தால் சிரிப்பை இழந்தவர்களுக்கு அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவர்கள், புதிய தசையை எந்த நரம்போடு இணைப்பது என்று இதை வைத்தே ஆலோசிக்கிறார்கள். மெல்லும் தசையின் நரம்போடு இணைத்தால் நோயாளி பல்லைக் கடித்துத்தான் சிரிக்கப் பழக வேண்டியிருக்கும். நலமாக உள்ள மறுபக்கத்து முகநரம்பிலிருந்து கிளை கொண்டுவந்தால் சிரிப்பு தானாக வர வழியுண்டு. உடனடிப் பயன் தெரியாத ஆய்வுக்கும் நிதி தர வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை.

டுஷேன் வகுத்த எல்லை முழுக்கச் சரியன்று என்பதையும் சொல்லியாக வேண்டும். பெரியவர்கள் பலரால் கண்சூழ் தசையையும் வேண்டுமென்றே சுருக்க முடிகிறது என்று பிந்தைய ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆகவே கண் சுருங்கினாலே மகிழ்ச்சி என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் ஐந்து வயதுப் பிள்ளைக்கு அந்தப் பயிற்சி எங்கிருந்து வரும்?

குழந்தை யாரைப் பார்க்கிறது என்பதும் சிரிப்பை மாற்றுகிறது. பத்து மாதக் குழந்தைகளை வைத்து 1988இல் வெளியான ஓர் ஆய்வில், தாய் நெருங்கும்போது குழந்தைகளின் கண்களும் சேர்ந்து சிரித்தன. அறியாதவர் நெருங்கும்போது வந்த புன்னகைகள் பெரும்பாலும் வாயோடு நின்றன. தாயே ஆனாலும் முகம் அசையாவிட்டால் நிலைமை மோசம்தான். உளவியலாளர் எட்வர்ட் டிரானிக் 1970களில் செய்த சோதனையில், கொஞ்சிக்கொண்டிருந்த தாய் திடீரென்று எந்தச் சலனமும் இல்லாமல் குழந்தையைப் பார்ப்பார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கையை நீட்டிப் பார்க்கும், பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்துவிடும். கைப்பேசியை முகத்துக்கு நேரே பிடித்துத் திரையையே பார்க்கும் அம்மாவின் முகமும் அந்தச் சில நொடிகளுக்கு அப்படித்தான் காணாமல் போகிறது என்பது என் கருத்து. வாசகிக்கு நான் சொல்லக்கூடிய முதல் யோசனை, கருவியை மார்பளவுக்கு இறக்கி, அவன் உயரத்துக்குக் குனிந்து, தன் முகத்தை அவனுக்குத் திருப்பிக் கொடுப்பதுதான். "சிரி" என்ற சொல்லை விட்டுவிட வேண்டும். அது தவறான வழியில் கட்டளையை அனுப்புகிறது.

எப்போது அழுத்துவது என்பதை ஒரு ஸ்டுடியோக்காரரிடம் பார்த்தேன். முன்பல் விழுந்திருந்த என் அக்கா மகளை முக்காலியில் உட்கார வைத்துவிட்டு, அந்தப் பெரியவர் கேமராவின் பின்னால் போகவே இல்லை. நீண்ட கம்பியின் முனையிலிருந்த பொத்தானைக் கையில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். "பாப்பா, விழுந்த பல்லைக் கூரை மேல போட்டீங்களா, தாத்தா வாயில வெச்சீங்களா?" என்றார். அவள் ஓரத்தில் அமர்ந்திருந்த தாத்தாவைப் பார்த்தாள். கீழிமை இரண்டும் மெல்ல மேலேறின. அப்புறம் சிரிப்பு வெடித்து, கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பெரியவர் அழுத்தவில்லை. கண்ணால் கண்டு விரல் அழுத்துவதற்கே ஏறக்குறைய 0.2 நொடி ஆகிவிடும் என்பதால் உச்சத்தைத் துரத்துவதில் பயனில்லை. இயல்பான புன்னகையோ மெதுவாக எழுந்து, சில நொடிகள் நின்று, மெதுவாகவே அடங்கும். அது அடங்கும் நேரத்துக்காக அவர் காத்திருந்தார். கை கீழே இறங்கியது, மூச்சு வாங்கியது, தன்னைச் சிரிக்க வைத்தவரும் சிரிக்கிறாரா என்று பார்க்க அவள் அவர் பக்கம் திரும்பினாள். அப்போது அழுத்தினார்.

படத்தில் அவள் வாய் கிட்டத்தட்ட மூடியிருக்கிறது. விழுந்த பல்லின் இடைவெளிகூடத் தெரியவில்லை என்று அக்காவுக்கு இன்றும் குறை.