ஆஃப்செட் பேக்கப் சைட்: நிலையாக நிற்பதா, மடிப்பதா?

ரைஃபிளின் மேல் ரெயிலில் (கருவிகளைப் பொருத்தும் பள்ளமிட்ட பட்டை) உருப்பெருக்கும் ஸ்கோப் ஏறியதும், குறிபார்க்க முன்னே ஒரு முள்ளும் பின்னே ஒரு துளையும் கொண்ட பழைய இரும்பு சைட்டுக்கு அங்கே வேலையில்லாமல் போய்விடுகிறது. ஸ்கோப்பின் உடலே பார்வைக் கோட்டை அடைத்துக்கொள்ளும். அதற்காகத்தான் ரெயிலின் பக்கவாட்டில் 45 டிகிரி சாய்வில் பொருத்தும் ஆஃப்செட் சைட்கள். தோளில் பதிந்த கட்டையை எடுக்காமல், துப்பாக்கியைக் கொஞ்சம் உருட்டினால் சைட் நிமிர்ந்து கண்ணுக்கு நேரே வந்து நிற்கும். 35 டிகிரி, 30 டிகிரி சாய்வில் செய்தவையும் உண்டு. இவை எல்லாமே இரண்டு வகைக்குள் அடங்கும்: எப்போதும் நிமிர்ந்து நிற்கும் நிலையான சைட், வேண்டும்போது விரலால் எழுப்பும் மடிப்பு சைட்.

எடையையும் தோற்றத்தையும் பார்த்தே பலர் தேர்ந்தெடுக்கிறார்கள். அதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டும். இந்த சைட் ஸ்கோப் பழுதானால் மட்டும் எடுக்கும் மாற்றுப்பொருளா? அல்லது ஸ்கோப் நல்ல நிலையில் இருக்கும்போதே அருகிலுள்ள இலக்குக்கு எடுக்கப்போகும் இரண்டாவது சைட்டா? மாற்றுப்பொருள் என்றால் மடிப்பு. இரண்டாவது சைட் என்றால் நிலையானது. மற்ற எல்லா வாதங்களும் இதற்கு அப்புறம்தான்.

எது உங்கள் நிலைமை என்பதை ஸ்கோப்பே சொல்லிவிடும். நிலையான 4 மடங்கு ஸ்கோப்போ, 3 முதல் 9 மடங்குவரை மாறும் 3-9 ஸ்கோப்போ இருந்தால், பத்து மீட்டரில் இருக்கும் அட்டையை அதன் வழியாகத் தேடுவது எரிச்சலான வேலை. குறைந்தபட்ச உருப்பெருக்கமே அங்கே அதிகம். போட்டியில் ஒரே சுற்றில் தூர இலக்கும் கிட்ட இலக்கும் மாறி மாறி வந்தால், ஆஃப்செட் சைட்டுக்கு ஒவ்வொரு சுற்றிலும் வேலை இருக்கும். அங்கே மடிப்பு சைட்டை வைத்துக்கொண்டு "தொடங்குவதற்கு முன் எழுப்பிவிடுவேன்" என்று சொல்வது கேட்க நன்றாக இருக்கும். ஆனால் மணி அடித்த பிறகு துப்பாக்கியை உருட்டிப் பார்த்து, அங்கே வெறும் ரெயிலைக் காண்பது பயிற்சித் தளங்களில் சாதாரணமான காட்சி.

1-6 அல்லது 1-8 ஸ்கோப் என்றால் கதை வேறு. உருப்பெருக்கத்தை 1-க்குக் கொண்டுவந்துவிட்டால் கிட்ட இலக்கும் அதிலேயே தெரியும். அப்போது ஆஃப்செட் சைட் தேவைப்படுவது கண்ணாடி உடைந்தாலோ, உள்ளே ஈரம் ஏறிப் பனித்தாலோ, மவுண்ட் தளர்ந்தாலோதான். ஆண்டுக்கு ஒருமுறைகூட நேராத அந்தச் சூழ்நிலைக்காக, நாள் முழுவதும் பக்கத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு இரும்புத் துண்டுகளைச் சுமக்கத் தேவையில்லை. மடிப்பு சைட் போதும்.

உருப்பெருக்கமே இல்லாமல் கண்ணாடியில் சிவப்புப் புள்ளியை மட்டும் காட்டும் ரெட் டாட் வைத்திருப்பவர்களுக்கு ஆஃப்செட் பெரும்பாலும் வீண் செலவு. டாட்டின் கண்ணாடி வழியாகவே தெரியும்படி மேல் ரெயிலில் சாதாரண மடிப்பு சைட் வைத்தால் வேலை முடிந்தது.

இனி மடிப்பு சைட்டின் பலவீனத்துக்கு வருவோம். அது கீல்தான். கீலில் எவ்வளவு ஆட்டம் இருந்தால் எவ்வளவு தவறும் என்பதை ஒரு எளிய கணக்கு சொல்லிவிடும்: சைட் நகர்ந்த அளவை இலக்கின் தூரத்தால் பெருக்கி, முன் சைட்டுக்கும் பின் சைட்டுக்கும் இடையிலான தூரத்தால் வகுக்க வேண்டும். இரண்டு சைட்டுக்கும் இடையே 400 மி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். கீலில் 0.1 மி.மீ. ஆட்டம், அதாவது ஒரு தாளின் கனம். 100 மீட்டரில் குண்டு 25 மி.மீ. தள்ளிப் படும். ஆட்டம் 0.3 மி.மீ. ஆனால் 75 மி.மீ. முன் சைட், பின் சைட் இரண்டுமே ஆடினால், சில நேரம் ஒன்றையொன்று சரிக்கட்டும், சில நேரம் சேர்ந்துகொள்ளும். சைட்களை எவ்வளவு தள்ளிப் பொருத்துகிறோமோ, அவ்வளவுக்குத் தவறு குறையும். குட்டையான ரைஃபிளில் மலிவான மடிப்பு சைட் ஏமாற்றுவது இதனால்தான்.

எல்லா மடிப்பு சைட்டும் ஒன்றல்ல. சிலவற்றில் ஸ்பிரிங்கும் சிறு உலோக உருண்டையும் மட்டும்தான் பிடித்திருக்கும். பக்கத்தில் இடித்தால் மடங்கிவிடும். வேறு சில, எழுந்ததும் ஒரு பூட்டு விழுந்து நிற்பவை. பொத்தானை அழுத்தினால்தான் மடங்கும். ஆஃப்செட்டுக்குப் பூட்டு உள்ளதையே வாங்கச் சொல்வேன். மேல் ரெயிலில் உள்ள சைட்டைவிடப் பக்கவாட்டில் நிற்பது அதிகம் இடிபடும். பூட்டில்லாத சைட் இடிபட்டால் உடையாமல் மடங்கிக்கொள்ளும் என்பது உண்மைதான். ஆனால் பாதி மடங்கிய நிலையில் நின்றுவிட்டால் அதைக் கவனிப்பதே கடினம்.

வாங்கியபின் கீலைச் சோதிக்க இரண்டு வழிகள். முதலில் தோட்டா இல்லாமல். துப்பாக்கியின் தோட்டா அறையையும் மேகஸினையும் காலி செய்து, கண்ணாலும் விரலாலும் உறுதிப்படுத்திக்கொண்டு, துப்பாக்கியைப் பாதுகாப்பான திசை நோக்கி ஸ்டாண்டில் அசையாமல் இறுக்குங்கள். ஆஃப்செட் சைட் வழியாக ஒரு புள்ளியைப் பார்த்தபடி, முன் சைட்டை விரல்நுனியால் இடமும் வலமும் மெல்ல அழுத்துங்கள். முள் புள்ளியைவிட்டு நகர்ந்து, விரலை எடுத்ததும் அதே இடத்துக்குத் திரும்பினால் அது வளைவு. பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். திரும்பாமல் புதிய இடத்தில் நின்றால் அது ஆட்டம். பின் சைட்டுக்கும் இதையே செய்யுங்கள். இரண்டாவது வழி சுடுதளத்தில்: 50 மீட்டரில் ஐந்து குண்டுகள் சைட்டைத் தொடாமல், இன்னொரு தாளில் ஐந்து குண்டுகள், ஒவ்வொன்றுக்கும் இடையில் இரண்டு சைட்டையும் மடித்து எழுப்பி. இரண்டாவது குழு கண்ணுக்குத் தெரியும்படி பரந்திருந்தால் அந்த ஜோடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

நிலையான சைட்டுக்கு இந்தத் தொல்லை இல்லை. ஸ்பிரிங் தளராது, கீலில் மணல் புகாது, எழுப்ப மறக்க வழியே இல்லை. அதன் தொல்லைகள் வேறு. தோளில் தொங்கவிடும் ஸ்லிங் பட்டை பின் சைட்டில் மாட்டும். பையிலிருந்து இழுக்கும்போது முன் சைட் துணியைக் கவ்வும். பெட்டிக்குள் ஃபோம் அழுத்தியபடியே பல மணி நேரம் பயணம் போனால் திருகுகள் மேல் தொடர்ந்து பாரம் இருக்கும்; ஃபோமில் சைட்டுக்கென்று தனியாகப் பள்ளம் வெட்டிவிடுவது நல்லது. பிளாஸ்டிக்கில் செய்த முன் சைட்டைக் குழலோடு நேரடியாகத் தொட்டு நிற்கும் கேஸ் பிளாக்கின் (சுடும் வாயுவைக் குழலிலிருந்து எடுக்கும் உலோகத் துண்டு) மேல் ஒருபோதும் பொருத்தாதீர்கள். தொடர்ந்து சுட்டால் அந்தச் சூட்டில் அது இளகும்.

எந்தப் பக்கம் பொருத்துவது? வலது கைக்காரருக்கு வலது பக்கம். துப்பாக்கியின் மேல்பகுதி இடப்புறமாகச் சாயும். இடது கைக்காரருக்கு நேர்மாறு. வாங்குமுன் மூன்று இடங்களைப் பாருங்கள். ஸ்கோப்பின் வலப்பக்கக் குமிழ் சைட்டின் பார்வைக் கோட்டில் குறுக்கே வருகிறதா? உருப்பெருக்க வளையத்தில் கைப்பிடி பூட்டியிருந்தால், முழுச் சுற்றும் திருப்பும்போது பின் சைட்டில் இடிக்கிறதா? ஒவ்வொரு குண்டுக்கும் கைப்பிடியை இழுக்கும் போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிள் என்றால் போல்ட் கைப்பிடி மேலே எழும்போது விரல் முட்டி சைட்டில் படுகிறதா? இந்த மூன்றாவதைப் பலர் பொருத்திய பிறகுதான் கண்டுபிடிக்கிறார்கள். குமிழும் கைப்பிடியும் இடிக்கிற இடத்தில் மடிப்பு சைட்டும் பெரிய தீர்வல்ல. எழுப்பிய பின் அதுவும் அதே இடத்தில்தானே நிற்கும்.

பொருத்துவதில் பெரிய தவறு, முன் சைட்டை ஆடும் ஹேண்ட்கார்டில் (குழலைச் சுற்றிக் கை பிடிக்கும் உறை) வைப்பது. பின் சைட் துப்பாக்கியின் நடு உடலான ரிசீவரில் அசையாமல் இருக்கும். முன் சைட் நிற்கும் ஹேண்ட்கார்டோ, ஸ்லிங்கை இழுத்தால் ஒரு பக்கமும் இருகால் தாங்கியான பைபாடில் சாய்ந்தால் இன்னொரு பக்கமும் வளையும். மேலே சொன்ன கணக்கை இங்கேயும் போட்டுப் பாருங்கள். ஹேண்ட்கார்டு ஆடினால் நிலையான சைட்டும் மடிப்பு சைட்டும் ஒன்றுபோலவே பொய் சொல்லும். முதலில் அதைச் சரிசெய்யுங்கள். முன், பின் இரண்டும் ஒரே தயாரிப்பின் ஜோடியாக, ஒரே சாய்வு, ஒரே உயரத்தில் இருக்க வேண்டும்.

இறுக்கும் முறை எளிது, ஆனால் அவசரப்படுகிறவர்கள் அதிகம். ரெயிலையும் திருகையும் எண்ணெய் இல்லாமல் துடையுங்கள். சைட்டின் குறுக்குப் பட்டை பிகாட்டினி ரெயிலின் பள்ளத்தில் முன்சுவரைத் தொடும்வரை முன்னோக்கித் தள்ளிப் பிடித்துக்கொண்டு இறுக்குங்கள். பள்ளத்தின் அகலம் 5.23 மி.மீ.; நடுவில் தளர்வாக விட்டால் பின்னுதைப்பில் அடிப்பாகம் அந்த இடைவெளிக்குள் நகரும். எவ்வளவு இறுக்கம் என்பதைத் தயாரிப்பாளரின் தாளில் பார்த்து, இறுக்க அளவைக் காட்டும் டார்க் ஸ்குரூடிரைவரால் இறுக்குங்கள். கை பலத்தை நம்பினால் அலுமினியப் புரி கழன்று வந்துவிடும். நடுத்தர வலிமை கொண்ட நீல நிறத் திருகுப் பசை ஒரு துளி போதும். கடைசியில் திருகுத் தலையிலிருந்து அடிப்பாகம்வரை பெயிண்ட் பேனாவால் ஒரு கோடு. கோடு முறிந்திருந்தால் திருகு அசைந்துவிட்டது என்று ஒரே பார்வையில் தெரியும்.

ஜீரோ செய்வதில், அதாவது குறித்த தூரத்தில் சைட் காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்வதில், ஆஃப்செட்டுக்கே உரிய ஒரு விஷயம் இருக்கிறது, இதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. சைட்டின் 45 டிகிரி சாய்வு ரெயிலிலிருந்து தொடங்குகிறது. குழலின் மையத்திலிருந்து அல்ல. ரெயில் குழல் மையத்துக்கு 30 மி.மீ. மேலே இருந்து, சாய்வுக் கோடு ரெயிலின் நடுவிலிருந்து புறப்படுவதாக வைத்துக்கொண்டால், துப்பாக்கியை 45 டிகிரி உருட்டிய நிலையில் பார்வைக் கோடு குழலுக்கு நேர் மேலே இருக்காது. ஏறக்குறைய 21 மி.மீ. பக்கவாட்டில் தள்ளியிருக்கும். வலது கைக்காரருக்குப் பார்வைக் கோடு இடப்பக்கம், குழல் வலப்பக்கம். 25 மீட்டரில் ஜீரோ செய்தால் குண்டு அங்கே கோட்டைக் கடந்து, 100 மீட்டரில் 63 மி.மீ. இடது பக்கம் போய்விடும். 50 மீட்டரில் ஜீரோ செய்தால் 100 மீட்டரில் 21 மி.மீ. மட்டுமே. ஆஃப்செட்டை 50 மீட்டரில் ஜீரோ செய்யச் சொல்வதற்கு இது ஒரு காரணம். மிக அருகில், ஐந்து பத்து மீட்டரில், குண்டு குறிக்குக் கீழேயும் கொஞ்சம் வலதாகவும் படும். அது கோளாறு அல்ல.

"ஒவ்வொரு முறையும் சரியாக 45 டிகிரி உருட்ட முடியாதே" என்ற கவலையும் உண்டு. பத்து டிகிரி பிசகினாலும் 50 மீட்டரில் பாதிப்பு அற்பம். வினாடிக்கு 900 மீட்டர் வேகத்தில் போகும் குண்டு அந்தத் தூரத்தில் புவியீர்ப்பால் கீழிறங்குவது 16 மி.மீ. அளவுதான், பத்து டிகிரி சாய்வு அதில் 3 மி.மீ.யைக் கூடப் பக்கவாட்டில் தள்ளாது. முன் சைட்டின் முள்ளைப் பின் சைட்டின் துளைக்கு நடுவில் வைப்பதில் கவனம் செலுத்துங்கள்.

முதலில் ஸ்கோப்பை ஜீரோ செய்து முடித்துவிட்டு ஆஃப்செட்டுக்கு வாருங்கள். துப்பாக்கியை உருட்டிய நிலையிலேயே மூன்று அல்லது ஐந்து குண்டுகள் சுட்டு, குழுவின் நடுவைப் பாருங்கள். குண்டு மேலே பட்டால் முன் முள்ளை உயர்த்த வேண்டும். கீழே பட்டால் இறக்க வேண்டும். பக்கவாட்டுக்குப் பின் சைட்: குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ, அந்தப் பக்கம் துளையை நகர்த்துங்கள். மேல், கீழ், பக்கம் எல்லாம் உருட்டிய நிலையில் கண்ணுக்குத் தெரிவதைக் கொண்டே. ஏஆர்-15 வகை ரைஃபிளின் முன் முள்ளில் சுற்றுக்கு நான்கு கிளிக் உள்ளது என்றால் ஒரு கிளிக் 0.18 மி.மீ. அளவு நகரும், 400 மி.மீ. இடைவெளியில் 50 மீட்டரில் அது 22 மி.மீ. ஒரு கிளிக்குக்குள் சரியாகிவிட்டால் அதற்கு மேல் நுணுக்கம் தேடி வெடிமருந்தை வீணாக்க வேண்டாம்.

உருட்டும் பழக்கத்தைக் காலித் துப்பாக்கியில், பக்கத்தில் தோட்டா எதுவும் இல்லாத இடத்தில் பழகுங்கள். உருட்டும்போது குழலின் முனை சிறு வட்டம் போடுவது பலருக்கும் நடக்கும். உருட்டுவது குழலின் அச்சிலேயே இருக்க வேண்டும், விரல் டிரிகர் வளையத்துக்கு வெளியே.

மடிப்பு சைட்டின் கீலைத் தூரிகையால் உலர்வாகச் சுத்தம் செய்து, ஒரு சொட்டு மெல்லிய எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். எண்ணெய் தங்கினால் தூசு ஒட்டிப் பசையாகும். முன் முள்ளின் கீழுள்ள சிறு ஸ்பிரிங் துரு பிடித்து இறுகிப்போவது இரண்டு வகையிலும் உண்டு. மழையில் நனைந்தால் அன்றே ஒருமுறை அழுத்திப் பாருங்கள். போட்டிக்கு எடுத்துச் செல்பவர்கள் பணம் கொடுக்கும் முன் தங்கள் பிரிவின் விதிநூலைப் புரட்டவும்: ஸ்கோப்போடு இரண்டாவதாக இரும்பு சைட் வைக்கலாமா என்பது பிரிவுக்குப் பிரிவு மாறும், துணைக்கருவிகள் பற்றிய உரிமச் சட்டமும் இடத்துக்கு இடம் மாறும்.