அச்சில் தூவிய மைதா

கோதுமையில் உள்ள குளுட்டன் என்னும் புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் உள்ள ஏழு வயது மகளுடன் ஒரு தாய் என்னிடம் வந்தார். பிறந்தநாளுக்கு மறுநாளே குழந்தைக்கு வயிற்று உப்புசமும் பேதியும் தொடங்கிவிட்டன. "குளுட்டன் இல்லாத கேக் மிக்ஸில்தான் செய்தேன்" என்று சொல்லி, பத்திரமாக வைத்திருந்த அட்டைப்பெட்டியை மேசையில் வைத்தார். அரிசி மாவு, உருளைக்கிழங்கு மாவு, மரவள்ளி மாவு, சாந்தன் கோந்து, சர்க்கரை. பெட்டியில் ஒரு குறையும் இல்லை.

உணவியல் ஆலோசகராக நான் இந்த இடத்தில் செய்முறையை முதலிலிருந்து சொல்லச் சொல்வேன். அவரும் சொன்னார். மாவைக் கலக்கினார், முட்டை சேர்த்தார், அச்சில் எண்ணெய் தடவினார், ஒட்டாமலிருக்க மைதா தூவினார். அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது. பல ஆண்டுகளாகக் கைக்குப் பழகிய வேலை அது. கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஒரு கிலோ உணவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளுட்டன் இருந்தால் அதை 'குளுட்டன் இல்லாதது' என்று விற்க முடியாது. ஒரு கிராம் மைதாவிலோ ஏறத்தாழ 80 மில்லிகிராம் இருக்கிறது. நான்கு கிலோ உணவுக்கு அனுமதித்த அளவு, அச்சில் தூவும் ஒரு கிராமிலேயே வந்துவிடலாம். பெட்டியின் உறுதிமொழி பெட்டிக்குள் இருப்பதற்கு மட்டுமே. நம் சல்லடைக்கும் மரக்கரண்டிக்கும் அது பொருந்தாது. சல்லடையின் கண்ணிகளில் சிக்கிய மாவு எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது. புதிதாக ஒன்று வாங்கிவிடுங்கள். சப்பாத்திக்கு மாவு பிசையும் நேரத்தில் இந்தக் கேக்கைத் தொடங்க வேண்டாம். அச்சுக்குப் பட்டர் பேப்பர் போதும். பெயரில்தான் பட்டர், அதில் வெண்ணெய் கிடையாது.

அந்தச் சிறுமிக்குப் பாலையும் சில காலம் தவிர்க்கச் சொல்லியிருந்தார்கள். பாலில் உள்ள சர்க்கரையான லாக்டோஸைச் செரிக்கும் நொதி, சிறுகுடலின் உட்சுவரில் உள்ள குடலுறிஞ்சிகளின் நுனியில் இருக்கிறது. சீலியாக் நோய் அந்த உறிஞ்சிகளைத்தான் சிதைக்கிறது. குடல் ஆறினால் பலருக்குப் பால் மீண்டும் ஒத்துக்கொள்ளும். பால் ஒவ்வாமை வேறு. அங்கே சிக்கல் கேசின், வே என்னும் புரதங்களில் இருக்கிறது. லாக்டோஸ் நீக்கிய பாலிலும் அவை அப்படியே இருக்கும். நெய்யிலும் சிறிதளவு தங்கியிருக்கலாம். உங்கள் குழந்தைக்கு எது என்று மருத்துவரிடம் தெளிவாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

குளுட்டன் இல்லாத மிக்ஸில் பால் பவுடர் இருக்கலாம். நம் ஊரில் இன்னொரு குழப்பமும் உண்டு. முட்டையில்லாத கேக் என்றால் பாலும் இல்லை என்று நினைத்துவிடுகிறார்கள். முட்டைக்கு ஈடாகத் தயிரோ கண்டென்ஸ்டு மில்க்கோ சேர்ப்பதே அங்கு வழக்கம். 'நான்-டெய்ரி' என்று எழுதிய விப்பிங் கிரீமிலும் சோடியம் கேசினேட் இருக்கக்கூடும். அது பால் புரதமே. பெட்டியின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கப் பொடி எழுத்தைப் படியுங்கள்.

பாலைத் தவிர்க்க வேண்டுமென்றால், பெட்டி 100 கிராம் வெண்ணெய் கேட்கும் இடத்தில் 80 கிராம் எண்ணெயும் ஒரு மேசைக்கரண்டி தண்ணீரும் சேர்க்கலாம், ஏனென்றால் வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு கொழுப்பல்ல. பாலுக்குப் பதில் அதே அளவு இரண்டாம் தேங்காய்ப்பால் ஊற்றுங்கள். முதல் பால் கொழுப்பு மிகுந்தது, கேக் கனத்துப்போகும். கலக்கிய மாவைப் பத்து, பதினைந்து நிமிடம் விட்டுவைத்தால் அரிசி மாவு ஊறி, நறநறப்பு குறையும். பெட்டியில் குறிப்பிட்டுள்ள சூட்டிலேயே சுட்டு, பத்து நிமிடம் அச்சிலேயே விடுங்கள். நன்றாக ஆறும் முன் கத்தி வைத்தால் உதிர்ந்துவிடும். பிடித்து நிறுத்தக் குளுட்டன் இல்லை, கோந்துதான் இருக்கிறது.

இந்தக் கேக் மறுநாளே வறண்டுவிடும். அதனால் ஆறியதும் துண்டு போட்டு, தனித்தனியாகச் சுற்றி ஃப்ரீசரில் வைக்கச் சொன்னேன். மற்ற குழந்தைகளின் பிறந்தநாளுக்கு அழைப்பு வந்தால், அந்தச் சிறுமி இப்போது ஒரு துண்டைத் தன் டப்பாவில் எடுத்துக்கொண்டு போகிறாள்.