பிஎச்.டி. ஆய்வேட்டை சோத்கங்காவில் சேர்ப்பது எப்படி?

ஆய்வேட்டின் மின்படி வேண்டும் என்பதை பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) 2009 விதிமுறையிலேயே கொண்டுவந்துவிட்டது. இப்போது நடப்பில் உள்ள 2022 விதிமுறைப்படி, மதிப்பீடு முடிந்ததும், பட்டம் அறிவிக்கப்படும் முன்பே, பல்கலைக்கழகம் அந்த மின்படியை பல்கலைக்கழக நூலகங்களை இணைக்கும், காந்திநகரிலுள்ள இன்ஃபிளிப்நெட் மையத்துக்குக் கொடுத்துவிட வேண்டும். அது போய்ச் சேரும் களஞ்சியம்தான் சோத்கங்கா. அங்குள்ள ஆய்வேடுகளை யாரும் காசில்லாமல் படிக்கலாம்.

பதிவேற்றுவது பெரும்பாலும் பல்கலைக்கழக நூலகத்தின் வேலை. கோப்புகளைச் சரியாகக் கொடுப்பது உங்கள் வேலை. தாமதம் ஆவதும் இங்கேதான். முழு ஆய்வேட்டையும் ஒரே பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் திரும்பி வரும். தலைப்புப் பக்கம், சான்றிதழ், உறுதிமொழி, பொருளடக்கம், ஒவ்வோர் இயல், துணைநூற்பட்டியல், பின்னிணைப்பு என்று தனித்தனியாகப் பிரித்து 01, 02 என எண்ணிட வேண்டும். தலைப்புப் பக்கத்தோடு முடிவுரையைச் சேர்த்த கோப்புக்கு 80 என்ற எண் வழக்கம். கடவுச்சொல் போட்டுப் பூட்டக் கூடாது. கையெழுத்துள்ள பக்கங்களை மட்டும் ஸ்கேன் செய்யுங்கள். இயல்களை வேர்டிலிருந்து நேரடியாக பிடிஎஃப் ஆக்குங்கள். ஸ்கேன் செய்த இயலில் எந்தச் சொல்லையும் தேட முடியாது.

தமிழில் எழுதியவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்தது திரையில் தமிழாகத் தெரியும். கணினிக்கோ அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியல். தேடலில் சிக்காது, கருத்துத் திருட்டைக் கண்டறியும் ஒப்புமைச் சோதனையிலும் பொருளற்ற முடிவே வரும். யூனிகோடுக்கு மாற்றுவதை முதல் இயலிலேயே செய்துவிடுங்கள். கடைசியில் மாற்றினால் அட்டவணையும் அடிக்குறிப்பும் சிதையும், மெய்ப்பு முழுவதும் மறுபடி பார்க்க வேண்டிவரும்.

கருத்துத் திருட்டைத் தடுக்க யுஜிசி கொண்டுவந்த 2018 விதிமுறையில் 10 விழுக்காடு வரையிலான ஒப்புமைக்குத் தண்டனை இல்லை. 10 முதல் 40 வரை என்றால் 6 மாதத்துக்குள் திருத்தித் தர வேண்டும். 40 முதல் 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய படியைத் தர முடியாது. அதற்கு மேல் போனால் பதிவே ரத்து. துணைநூற்பட்டியல், பொருளடக்கம், முகவுரை (preface), நன்றியுரை ஆகியவை கணக்கில் வராது. நீங்களே முன்பு வெளியிட்ட கட்டுரையோடு ஒத்துப்போகும் பகுதி இருந்தால், ஒப்புமை அறிக்கை எடுக்கும் முன் நூலகரிடம் சொல்லிவிடுங்கள்.

அந்தக் கட்டுரையின் பதிப்பகப் பிடிஎஃப்பை அப்படியே பின்னிணைப்பில் செருகுவது பலர் செய்வது, ஆனால் ஆபத்தானது. பதிப்புரிமையை எழுதிக் கொடுத்திருந்தால் அதைப் பொதுவில் வைக்கும் உரிமை உங்களிடம் இருக்காது. இதழ் ஏற்றுக்கொண்ட, ஆனால் பதிப்பகம் இன்னும் வடிவமைக்காத உங்கள் படியை வைக்கப் பல பதிப்பகங்கள் இடம் தருகின்றன. ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள்.

காப்புரிமை விண்ணப்பமோ நூல் வெளியீடோ இருந்தால், ஆய்வேட்டைப் பொதுவில் வைப்பதைச் சில காலம் நிறுத்திவைக்கும்படி நெறியாளர் வழியாக முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். கூகுளில் ஏறிய பிறகு கேட்டுப் பயனில்லை. வாய்மொழித் தேர்வில் திருத்தம் சொல்லியிருந்தால், நூலகத்தில் முன்பே கொடுத்த பழைய கோப்புகளை மறக்காமல் மாற்றுங்கள்.