மூடியில் 090, உள்ளே 58

பெரியப்பா இறந்து ஓராண்டு கழிந்த பிறகு, குலசேகரத்து வீட்டின் விறகுப்புரையைக் காலிசெய்தபோது அந்தச் சாக்கு மூட்டை கிடைத்தது. உள்ளே அவருடைய செயின்சா, ஸ்டில் என்ற ஜெர்மன் நிறுவனத்தின் பெட்ரோல் ரம்பம். பால் வற்றிய ரப்பர் மரங்களை மொத்தமாகச் சாய்க்கும் காண்டிராக்ட் எடுத்தவர் அவர். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலேயே அந்த மெஷினின் இரைச்சல் மூன்று வளவு தாண்டிக் கேட்கும். இப்போது அதன் மேல் யாரோ பச்சை எனாமல் பெயின்டைப் பூசியிருந்தார்கள். மூடியில் மட்டும் '090' என்று ஒரு ஸ்டிக்கர் பளிச்சென்று இருந்தது. பெரியப்பாவும் அதைக் கடைசிவரை 'தொண்ணூறு' என்றுதான் சொல்வார்.

ஸ்டார்ட்டர் கயிற்றை இழுத்தேன். வெண்ணெயில் கத்தி போவதுபோல வந்தது. கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் இருக்க வேண்டிய அழுத்தம், இல்லை. பிஸ்டனைச் சுற்றியிருக்கும் ரிங்கை மாற்ற வேண்டும். உதிரிபாகக் கடைக்காரர் எந்த மாடல் என்று கேட்டார். 090 என்றேன். "யார் சொன்னது?" என்று கேட்டுவிட்டு, ஒரு சின்னச் சிரிப்போடு அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார்.

அந்தச் சிரிப்பின் பொருள் பிறகுதான் புரிந்தது. பழைய செயின்சாவில் கண்ணில் படுகிற எதுவும் அதனோடு பிறந்ததாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை. மூடி உடைந்தால் வேறொன்றின் மூடி வரும், கைப்பிடி போனால் வேறொன்றின் கைப்பிடி. மாடல் பெயரை எழுதியிருப்பதோ, எளிதில் கழன்று போகும் அந்த மூடியில்தான். ஆகவே எந்தப் பாகத்தைக் கழற்றுவது கடினமோ அதன் சாட்சிக்கே மதிப்பு அதிகம்.

இந்தக் கணக்கில் கடைசி வரிசையில் நிற்பது சங்கிலி. இத்தனைக்கும் அதற்குத்தான் சுவையான வரலாறு உண்டு. 1946இல் அமெரிக்காவின் ஓரிகான் மாநிலத்தில் ஜோசப் காக்ஸ் என்ற மரவெட்டி, ஒரு வண்டுப்புழு மரத்தைக் குடைவதைக் குந்தியிருந்து பார்த்தார். நார்ப்போக்கு எப்படியிருந்தாலும் தன் தாடைகளை இடமும் வலமுமாக ஓட்டி அது தின்றுகொண்டே போனது. அதைப் பார்த்து அவர் செய்த வளைந்த பல்தான் இன்றைய சங்கிலிகளுக்கெல்லாம் மூதாதை. ஆனால் சங்கிலி தேய்ந்தால் மாற்றுகிற பொருள். பெரியப்பாவின் மெஷின் எத்தனை சங்கிலிகளைத் தின்று தீர்த்ததோ. சங்கிலியைக் கொண்டு மாடலைச் சொல்ல முடியாது. எந்த அளவுச் சங்கிலி அதில் ஓடுகிறது என்று மட்டும் சொல்லலாம். அடுத்தடுத்த மூன்று ரிவெட்டுகளில் முதலாவதன் நடுவிலிருந்து மூன்றாவதன் நடுவரை அளந்து இரண்டால் வகுக்க வேண்டும். இரண்டு ரிவெட்டை மட்டும் அளந்தால் ஏமாறுவோம், ஏனென்றால் எல்லா ரிவெட்டுகளுக்கும் இடையே சமமான இடைவெளி இருக்காது. எனக்கு இருபதரை மில்லிமீட்டர் வந்தது. பாதி பத்தேகால், அதாவது 0.404 அங்குலம். பெரிய மெஷின்களுக்குரிய அளவு இது. சிறியதல்ல என்பதற்கு மேல் அது வேறொன்றும் சொல்லவில்லை.

அடுத்து எண்களைத் தேடினேன். செயின்சாவின் உடம்பில் இரண்டு வகை எண்கள் இருக்கும். ஒன்று புடைத்து நிற்பது. அது வார்ப்பு அச்சிலேயே வெட்டப்பட்டிருப்பதால், அந்த அச்சில் பிறந்த எல்லாப் பாகங்களிலும் இருக்கும். மற்றொன்று பள்ளமாகக் குத்தியது. அது அந்த ஒரு மெஷினுக்கு மட்டுமே உரிய வரிசை எண். இரண்டையும் குழப்பிக்கொண்டால் பாதி நாள் வீணாகும். எனக்கு ஆனது.

இன்ஜினின் அடிக்கூடான கிரான்க் கேஸ் மக்னீசியக் கலவையில் வார்த்தது. எடை குறைவு, ஆனால் மென்மையானது. கம்பி பிரஷ்ஷை வைத்துத் தேய்த்தால் குத்திய எண்ணும் சேர்ந்து போய்விடும். எனவே மண்ணெண்ணெயில் பிசுக்கை எடுத்தேன், தின்னரில் நனைத்த பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் பெயின்டைச் சுரண்டினேன். எண் தெரிந்தும் தெரியாமலும் மினுங்கியது. பெரியம்மாதான் பூசை மாடத்திலிருந்து விபூதி மடலை எடுத்து வந்தார். விரலால் அப்பித் துணியால் லேசாகத் துடைத்தபோது, மேற்பரப்பிலிருந்தது போக, பள்ளத்தில் மட்டும் திருநீறு தங்கியது. டார்ச்சைப் பக்கவாட்டில் பிடித்தேன். ஒன்பது இலக்கங்கள், முதலாவது 1.

ஸ்டில் நிறுவனத்தின் ஒன்பது இலக்க வரிசை எண்ணில் முதல் இலக்கம் எங்கே செய்தது என்று சொல்லும். 1 என்றால் ஜெர்மனி, 2 அமெரிக்கா, 3 பிரேசில். செய்த ஆண்டு அதில் நேரடியாக இருக்காது. ஸ்வீடனின் ஹஸ்க்வர்னா நிறுவனம் இந்த விஷயத்தில் தாராளம். அவர்களின் பழைய ஏழிலக்க எண்ணில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி இலக்கம், அடுத்த இரண்டும் அந்த ஆண்டின் எத்தனையாவது வாரம் என்பது. முதல் இலக்கம் 3 என்றால் 1973ஆ, 1983ஆ என்பதை நாமே வேறு தடயங்களால் முடிவுசெய்துகொள்ள வேண்டும். அமெரிக்காவின் ஹோம்லைட்டில் 'யூடி' என்று தொடங்கும் எண்ணைத் தேட வேண்டும். (மக்கல்லக் பற்றிச் சொல்ல ஆரம்பித்தால் கட்டுரை வேறெங்கோ போய்விடும். அந்த நிறுவனத்தை நடத்திய ராபர்ட் மக்கல்லக் 1968இல் பழைய லண்டன் பாலத்தையே விலைக்கு வாங்கி, கல் கல்லாகக் கழற்றி அரிசோனாவில் பொருத்திய மனிதர்.)

புடைத்த எண்ணுக்கு வருவோம். ஸ்டில்லின் உதிரிபாக எண் நான்கு, மூன்று, நான்கு இலக்கங்கள் என்ற வரிசையில் இருக்கும். முதல் நான்கும் எந்த மெஷின் குடும்பம் என்று சொல்லும். 1128 என்றால் 044 குடும்பம், 1122 என்றால் 064, 066 குடும்பம். இங்கும் ஒரு பொறி உண்டு. ஒரு குடும்பத்துக்காகச் செய்த பாகத்தைப் பிறகு வந்த மாடல்களிலும் பொருத்துவார்கள், எண் மாறாது. ஒரே ஒரு நெம்புகோலின் எண்ணைப் பார்த்து மாடலைச் சொல்பவர்கள் சறுக்குவது இங்கேதான். என் மெஷினில் கார்புரேட்டர் மூடியில் ஓர் எண், எண்ணெய்த் தொட்டி மூடியில் வேறோர் எண். கிரான்க் கேஸில் 1106.

1106 என்பது 070ம் 090ம் சேர்ந்த குடும்பம். ஆக, பெரியப்பாவின் 'தொண்ணூறு' இன்னும் உயிரோடுதான் இருந்தது.

காலத்தைக் கணிக்க வேறு தடயங்களும் உண்டு. செயின்சா எப்படி வளர்ந்தது என்று தெரிந்தால் அவை தாமே பேசும். ஆண்ட்ரியாஸ் ஸ்டில் 1929இல் கொண்டுவந்த பெட்ரோல் ரம்பத்தின் எடை 46 கிலோ. தூக்க இரண்டு ஆள் வேண்டும். அந்நாளைய கார்புரேட்டர்களில் பழைய ஸ்கூட்டரில் இருந்ததுபோல, பெட்ரோல் வரத்தைக் கட்டுப்படுத்தும் மிதவை இருந்தது. மெஷினைச் சாய்த்தால் மிதவை தடுமாறும், இன்ஜின் நின்றுவிடும். ஆனால் நிற்கிற மரத்தைச் சாய்க்க ரம்பத்தைப் படுக்கையாகத் திருப்பியே ஆக வேண்டும். அதனால் இன்ஜின் நிமிர்ந்தே நிற்க, வெட்டும் பகுதி மட்டும் திரும்பும்படி சுழல் மூட்டு வைத்தார்கள். பழைய ரம்பம் ஒன்றில் அப்படித் திரும்பும் கழுத்தைப் பார்த்தால், பெரும்பாலும் மிதவைக் காலத்துச் சரக்கு என்று சொல்லலாம். பிறகு மிதவையின் இடத்துக்கு ஒரு மெல்லிய சவ்வு வந்தது. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கிரான்க் கேஸில் உண்டாகும் அழுத்தத் துடிப்பில் ஒரு சவ்வு துடித்துப் பெட்ரோலை இழுக்கும். இன்னொரு சவ்வு அளவோடு உள்ளே விடும். தலைகீழாகப் பிடித்தாலும் கவலையில்லை.

1959இல் ஸ்டில் வெளியிட்ட கான்ட்ரா என்ற மாடல் அடுத்த திருப்பம். எடை சுமார் 12 கிலோ. அதுவரை இன்ஜினுக்கும் சங்கிலிக்கும் நடுவே இருந்த கியர்கள் அதில் இல்லை. கிளட்சே சங்கிலியை நேராக ஓட்டியது. 070 அந்த வம்சம்தான். கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் இடையே ரப்பர் தாங்கிகள் வந்தது 1960களின் நடுவில், முன்னால் தள்ளினால் சங்கிலியை நிறுத்தும் பிரேக் வந்தது 1970களில். என் மெஷினில் இரண்டும் இல்லை. ரம்பத்தின் நுனி மரத்தில் மோதினால், வெட்டுகிறவர் முகத்தை நோக்கி அது துள்ளி எழும். பிரேக் இல்லாவிட்டால் அப்போதும் சங்கிலி ஓடிக்கொண்டேயிருக்கும். பெரியப்பாவின் இடது தோளில் இருந்த தழும்பைப் பற்றி நாங்கள் யாரும் கேட்டதில்லை.

இனி 070ஆ, 090ஆ என்பது ஒன்றுதான் பாக்கி. வெளித்தோற்றத்தில் அண்ணன் தம்பி. இரண்டிலும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் 40 மில்லிமீட்டர். வித்தியாசம் சிலிண்டரின் விட்டத்தில் இருக்கிறது: 070க்கு 58, 090க்கு 66. எட்டு மில்லிமீட்டர் என்றால் சொற்பமாகத் தோன்றும். கணக்குப் போட்டால் தெரியும். விட்டத்தின் இருமடியை 0.7854ஆல் பெருக்கி, அதைப் பிஸ்டன் ஓடும் தூரத்தால் பெருக்கினால் கொள்ளளவு கிடைக்கும். 58க்கு 106 சிசி, 66க்கு 137 சிசி. விட்டம் இருமடியாகக் கணக்கில் ஏறுவதால், எட்டு மில்லிமீட்டரில் 31 சிசி கூடிவிடுகிறது. ஒரே உடம்பில் ஒரு சிறிய மொபெட் இன்ஜின் அளவு வேறுபாடு.

பிஸ்டன் ஓடும் தூரத்தை அளக்கச் சிலிண்டரைத் திறக்க வேண்டியதில்லை. ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, அந்தத் துளையில் ஈர்க்குச்சி ஒன்றை விட்டு, ஃப்ளைவீலைக் கையால் சுற்றினால் குச்சி ஏறி இறங்கும். மேலே ஒரு குறி, கீழே ஒரு குறி. பிளக் சாய்வாக இருந்தால் அளவு பிசகும், என்றாலும் தோராயம் கிடைக்கும். எனக்கு 40க்கு ஒட்டி வந்தது. அதில் புதிதாக ஒன்றுமில்லை, இரண்டு மாடலுக்கும் அதே அளவுதானே. சிலிண்டரைக் கழற்றாமல் தீராது.

போல்ட்டுகளைத் தளர்த்தி, ரப்பர் சுத்தியலால் தட்டித் தூக்கினேன். கறுத்த பிஸ்டன், அதன் தலையில் புகைபோகும் பக்கத்தைக் காட்டும் அம்புக்குறி. ரிங்குகள் பிஸ்டன் பள்ளத்திலேயே கரி பிடித்து ஒட்டிக்கொண்டிருந்தன. கம்ப்ரஷன் போன காரணம் அதுதான். சிலிண்டரின் அடிப்பக்கத்தில், தேய்மானம் இல்லாத விளிம்பில் வெர்னியர் அளவியை வைத்தேன். இரண்டு முறை, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று.

58.

மறுநாள் கடையில் 070க்கு ரிங் செட் என்று கேட்டேன். கடைக்காரர் இம்முறை எதுவும் கேட்கவில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டார். ரிங்கைத் தனியாகச் சிலிண்டருக்குள் இறக்கி, இரு முனைகளுக்கும் நடுவே சிறிது இடைவெளி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு பூட்டினேன். கயிற்றை இழுத்தால் இப்போது கையைத் திருப்பி இழுக்கிறது. பச்சைப் பெயின்ட் முழுவதையும் சுரண்டியாயிற்று. மூடியிலிருந்த ஸ்டிக்கரையும் உரிக்கப் போனேன். அதை மட்டும் விட்டுவிடு என்றார் பெரியம்மா.