கருவாட்டு உப்பும் தடிக்கும் இதயச் சுவரும்

தொண்டிப் பக்கம் கரைவலை இழுப்பவர்களின் தோளைப் பாருங்கள். பாரம் இழுக்க இழுக்கத் தசை திரண்டு நிற்கும். பிரஷர் ஏறிக்கிடந்தால் இதயத்தின் இடது கீழறைக்கும் அதுதான் நடக்கிறது. வலை கரையேறினால் தோளுக்கு ஓய்வு உண்டு. நாளுக்குச் சுமார் 1 லட்சம் முறை துடிக்கும் இதயத்துக்கு அது இல்லை. அந்த அறையின் சுவர் சாதாரணமாக 6 முதல் 10 மி.மீ. எக்கோ ஸ்கேனில் 13 மி.மீ. என்று வந்தால் தடித்துவிட்டது என்று பொருள்.

இதயத்தசைச் செல்கள் பெருகுவது அபூர்வம்; இருக்கிற செல்தான் சுருங்கும் இழைகளைப் பக்கம் பக்கமாக அடுக்கிப் பருக்கிறது. அதற்கு உத்தரவு அழுத்தத்திலிருந்து மட்டும் வருவதில்லை. சிறுநீரகம் சுரக்கும் ரெனின், ஈரல் தரும் ஒரு புரதத்தை வெட்டி ஆஞ்சியோடென்சின் 1 ஆக்கும். பெரும்பாலும் நுரையீரல் ரத்தக்குழாய்களில் அது ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாறும். வில்லங்கம் பிடித்தது இந்த இரண்டாவதுதான்: ரத்தக்குழாயை இறுக்கும், இதயச் செல்லை நேராகவே வளரத் தூண்டும், அட்ரினல் சுரப்பியிலிருந்து ஆல்டோஸ்டிரோன் என்ற ஹார்மோனையும் வரவழைக்கும்.

ஆல்டோஸ்டிரோன் உப்பை உடம்பில் தேக்குவதோடு, தசைகளுக்கு நடுவே கொலாஜன் நாரையும் வளர்க்கிறது. நார் மண்டினால் சுவர் விறைக்கும், அறை சரியாக நிரம்பாது. மணலில் நாலு எட்டு வைத்தாலே மூச்சு வாங்கும். விலங்குச் சோதனைகளில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது: உப்பு குறைவாக இருந்தால் ஆல்டோஸ்டிரோன் மிகுந்தும் இந்த நார் அதிகம் படியவில்லை. உப்பும் சேர்ந்தபோதுதான் இதயம் தழும்பேறியது.

இதயமும் சும்மா இருப்பதில்லை. சுவர் இழுபடும்போது உப்பைச் சிறுநீரில் தள்ளும் ஹார்மோனை அதுவே சுரக்கும். டி போல்ட் என்ற ஆய்வாளரின் குழு 1981இல் எலியில் கண்டது இது. அழுத்தம் வருடக்கணக்கில் நீடித்தால் இதன் பலம் போதாது.

பிரஷர் மாத்திரைகளில் எனலாப்ரில் ஆஞ்சியோடென்சின் 2 உருவாவதைக் குறைக்கும். சிலருக்கு வறட்டு இருமல் வரும். லோசார்டன், டெல்மிசார்டன் இரண்டும் ஆஞ்சியோடென்சின் 2 செய்யும் வேலையைத் தடுக்கும். 2002இல் வெளியான லைஃப் (LIFE) என்ற ஆய்வில் லோசார்டனும், அடெனோலால் என்ற வேறு வகை மாத்திரையும் பிரஷரை ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைத்தன. தடிப்பு அதிகம் வடிந்தது லோசார்டனில். கர்ப்பிணிகளுக்கு எனலாப்ரில், லோசார்டன், டெல்மிசார்டன் ஆகாது. வாந்தி, வயிற்றுப்போக்கு கண்டால் அன்றே மருத்துவரிடம் கேளுங்கள். நீர் வற்றிய உடம்பில் இவை சிறுநீரகத்தைப் படுத்தும்.

உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு நாளுக்கு 5 கிராம் உப்புக்குள், அதாவது தட்டையாக ஒரு தேக்கரண்டிக்குச் சற்றுக் குறைவு. கருவாட்டை இரண்டு மூன்று தண்ணீர் மாற்றி ஊறவைத்தால் உப்பு குறையும், போய்விடாது. அன்று குழம்பில் தனியாக உப்புப் போடாதீர்கள். இந்துப்பும் வாலிநோக்கம் உப்பளத்து உப்பும் இந்தக் கணக்கில் ஒன்றுதான். ‘சோடியம் குறைந்த உப்பு’ பாக்கெட்டில் பொட்டாசியம் இருக்கும். மேலே சொன்ன மாத்திரைகளோடு அதைச் சேர்த்தால் ரத்தத்தில் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம்.