பேஸ் கிட்டாருக்கு ஆம்ப் வாங்குகிறீர்களா? வாட் கணக்கை விட்டுவிட்டுப் பெட்டியைப் பாருங்கள்

மேடைக் கச்சேரிகளுக்கு சவுண்ட் பார்ப்பது, அப்புறம் கருகிப்போய் வரும் ஆம்ப்களைத் திறந்து சரிசெய்து கொடுப்பது, இரண்டும் என் வேலை. மெல்லிசைக் குழு, சர்ச், காலேஜ் கல்ச்சுரல்ஸ், கல்யாண ரிசப்ஷன் என்று எங்கே போனாலும் பேஸ் வாசிக்கிற தம்பிகள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி ஒன்றுதான்: "அண்ணா, எத்தனை வாட் வாங்கலாம்?" பெட்டியைப் பற்றி, அதாவது ஸ்பீக்கர் கேபினெட்டைப் பற்றி, யாருமே கேட்பதில்லை. கையில் இருக்கிற பணத்தில் முக்கால்வாசியை ஆம்ப் ஹெட்டுக்கு (ஸ்பீக்கர் இல்லாமல் தனியாக வரும் ஆம்ப்) கொடுத்துவிட்டு, மிச்சக் காசுக்குக் கிடைத்த ஒரு பாக்ஸை மாட்டிக்கொண்டு, "ஐந்நூறு வாட் வாங்கியும் டிரம்ஸுக்கு மேலே கேட்கவே மாட்டேங்குது" என்று வந்து நிற்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பேஸ் ஏன் இவ்வளவு பவர் கேட்கிறது என்று பார்த்துவிடலாம். சாதாரண கிட்டாரின் தடித்த கம்பி 82 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 82 அதிர்வு. நாலு கம்பி பேஸின் கீழ் ஈ கம்பி அதில் பாதி, 41 ஹெர்ட்ஸ். ஐந்து கம்பி என்றால் கீழ் பி சுமார் 31 ஹெர்ட்ஸ். நம் காது இந்தக் கீழ் அதிர்வுகளை மந்தமாகத்தான் கேட்கும். அதோடு, கீழே போகப் போக அதே சத்தத்தைக் கொடுக்க ஸ்பீக்கர் கோன் (முன்னால் தெரிகிற கூம்பு) பல மடங்கு அதிகமாக முன்னும் பின்னும் நகர வேண்டும், நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். கிட்டார்காரர் முப்பது வாட் டியூப் (வால்வு) ஆம்பில் மேடையையே நிரப்பிவிடும்போது பக்கத்தில் பேஸ்காரருக்கு முந்நூறு வாட் தேவைப்படுவது இதனால்தான்.

சரி, அப்படியென்றால் வாட் முக்கியம்தானே என்று கேட்பீர்கள். வாட்டை இரண்டு மடங்காக்கினால் சத்தம் கூடுவது வெறும் 3 டெசிபல் (சத்தத்தை அளக்கும் அலகு). கச்சேரியில் யாரும் திரும்பிப் பார்க்கிற அளவு வித்தியாசம் இல்லை அது. காதுக்கு இரண்டு மடங்கு சத்தம் என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். 300 வாட்டிலிருந்து 500 வாட்டுக்குப் போனால் கிடைப்பது 2 டெசிபல் சொச்சம்தான், அந்த 2 டெசிபலுக்காகத்தான் பலர் கடன் வாங்கிப் புது ஹெட் வாங்குகிறார்கள்.

பெட்டிக்கு சென்சிடிவிட்டி என்று ஓர் எண் உண்டு. ஒரு வாட் கொடுத்து ஒரு மீட்டர் தூரத்தில் அளந்தால் எத்தனை டெசிபல் வருகிறது என்பது அது. ஒரு பெட்டி 94, இன்னொன்று 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆறு டெசிபல் வித்தியாசம், அதாவது நாலு மடங்கு வாட்டுக்குச் சமம். 100 டெசிபல் பெட்டியில் 300 வாட் கொடுக்கிற சத்தத்தை 94 டெசிபல் பெட்டியில் எடுக்க 1200 வாட் வேண்டும், அத்தனை வாட்டை அந்தச் சின்னப் பெட்டி தாங்குமா என்பது வேறு விஷயம். ஆகவே கடையில் கேட்க வேண்டிய கேள்வி: இந்தப் பெட்டியின் சென்சிடிவிட்டி என்ன, கீழே எத்தனை ஹெர்ட்ஸ் வரை இறங்கும், எத்தனை ஓம் (மின்சாரத்துக்குப் பெட்டி காட்டுகிற தடை).

வாட் எண்ணிலேயே இன்னொரு குழப்பம் இருக்கிறது. ஹெட்டின் முகப்பில் 500 என்று போட்டிருப்பது பெரும்பாலும் 4 ஓம் பெட்டி மாட்டும்போது கிடைப்பது. நீங்கள் ஒரே ஒரு 8 ஓம் பெட்டி மாட்டினால் பாதி அல்லது அதற்குச் சற்று மேலேதான் வரும். வீட்டு மியூசிக் சிஸ்டத்தில் போடுகிற பிஎம்பிஓ எண்ணையும், ஒரு நொடிக்கும் குறைவாகத் தாங்குகிற பீக் எண்ணையும் பார்த்து ஏமாறாதீர்கள். தொடர்ந்து கொடுக்கக்கூடிய பவரைச் சொல்கிற ஆர்எம்எஸ் எண்ணை மட்டும் பாருங்கள்.

பெட்டி எப்படி வேலை செய்கிறது என்பதற்கு ஆம்பெக் கம்பெனியின் எஸ்விடி என்கிற பேஸ் ஆம்ப் நல்ல உதாரணம். 1969-இல் வந்தது, 300 வாட் டியூப் ஹெட். அதோடு வைக்கிற பெட்டியில் 10 இஞ்ச் ஸ்பீக்கர் எட்டு. இன்றைய சின்ன கிளாஸ் டி (டியூப் இல்லாத, எடை குறைந்த) ஹெட்கள் 500, 800 என்று காட்டுகின்றன, ஆனால் அந்த 300 வாட் இன்றும் பெரிய மேடைகளில் நிற்கிறது, காரணம் அந்த எட்டு கோன்களின் மொத்தப் பரப்பு. பலருக்குத் தெரியாத விஷயம், அந்தப் பெரிய பெட்டி அப்படியொன்றும் ஆழமாக இறங்குவதில்லை. 58 ஹெர்ட்ஸிலேயே 3 டெசிபல் குறைந்துவிடும், 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் கீழே. ஆனாலும் நெஞ்சில் அடிக்கிற மாதிரி இருப்பதற்குக் காரணம், மேடையில் நாம் "பேஸ்" என்று உணர்வதில் பெரும்பங்கு 80 முதல் 200 ஹெர்ட்ஸ் வரைக்குள்தான் இருக்கிறது. கீழ் ஈ கம்பியை மீட்டினாலும் அதன் இரண்டாவது அதிர்வான 82-ஐத்தான் நாம் பலமாகக் கேட்கிறோம். அதனால் 30 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் என்று விளம்பரம் செய்யும் பெட்டியைத் தேடி அலைய வேண்டாம். என்ன, அந்த எட்டு ஸ்பீக்கர் பெட்டி அறுபது கிலோவைத் தொடும். டாடா ஏஸில் கீபோர்டு, டிரம்ஸ், ஆட்கள் எல்லாரும் ஒன்றாகப் போகிற குழுவுக்கு அது சரிப்படாது.

சின்னப் பெட்டி, ஆழமான பேஸ், அதிக சத்தம், இந்த மூன்றில் இரண்டைத்தான் எடுத்துக்கொள்ள முடியும். இது இயற்பியல், எந்த கம்பெனியும் இதைத் தாண்டியதில்லை. சின்னதாகவும் ஆழமாகவும் இருக்கிறது என்றால் அது வாட்டை விழுங்கும்.

15 இஞ்ச் என்றால் ஆழம், 10 இஞ்ச் என்றால் பளிச் என்று ஒரு நம்பிக்கை ஊரெல்லாம் இருக்கிறது. ஸ்பீக்கரின் விட்டம் மட்டும் அதைத் தீர்மானிப்பதில்லை. பெட்டியின் அளவு, போர்ட் (பெட்டியில் காற்று போய்வர விட்டிருக்கிற துவாரம்) எந்த அதிர்வுக்கு ட்யூன் செய்யப்பட்டிருக்கிறது, கோன் எவ்வளவு தூரம் நகரும் என்பதெல்லாம் சேர்ந்துதான் முடிவாகும். நாலு 10 இஞ்ச் ஸ்பீக்கர்களின் மொத்தப் பரப்பு ஒரு 15 இஞ்சைவிட நிறையவே அதிகம். அதனால் 8 ஓம் நாலு-பத்து (10 இஞ்ச் ஸ்பீக்கர் நாலு இருக்கிற) பெட்டியோடு 8 ஓம் ஒற்றைப் பதினைந்தைச் சேர்த்து அடுக்கும் வழக்கம் எனக்குப் பிடிப்பதில்லை. ஆம்ப் இரண்டு பெட்டிக்கும் சமமாகப் பவரைப் பிரிக்கும், அங்கே நாலு பேர் பங்கிட்டுக்கொள்வதை இங்கே ஒரே ஸ்பீக்கர் வாங்கிக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் முதலில் உடைந்து கேட்பது அந்தப் பதினைந்துதான். ஒரே மாதிரி இரண்டு பெட்டி வாங்குங்கள், அதிலும் இரண்டு-பத்து பெட்டி இரண்டு. சின்ன இடத்துக்கு ஒன்று, பெரிய இடத்துக்கு இரண்டு. பக்கம் பக்கமாக வைக்காமல் ஒன்றின் மேல் ஒன்றாக நிமிர்த்தி அடுக்கினால் மேல் பெட்டி உங்கள் காதுக்கு நேராக வரும், மேடையில் எங்கே நின்றாலும் ஏறக்குறைய ஒரே மாதிரி கேட்கும்.

இப்போது என் மேஜைக்கு வருகிற கருகல்களைப் பற்றி. ஸ்பீக்கரில் எழுதியிருக்கிற வாட், வாய்ஸ் காயில் (கோனை அசைக்கிற கம்பிச் சுருள்) எவ்வளவு சூட்டைத் தாங்கும் என்பதற்கான எண். கோன் எவ்வளவு தூரம் நகரலாம் என்பது தனி எல்லை, அது அட்டையில் எழுதியிருக்காது. 300 வாட் என்று எழுதியிருக்கிற பெட்டி, போர்ட்டின் ட்யூனிங்குக்குக் கீழே உள்ள அதிர்வுகளில் அதில் பாதிக்கும் குறைவான பவரிலேயே கோனை எல்லைக்கு வெளியே தள்ளிவிடலாம். ஈக்யூவில் (ஒலியின் கீழ், நடு, மேல் பகுதிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கிற இடம்) பேஸ் குமிழியை 12 டெசிபல் ஏற்றினால் அந்த இடத்தில் மட்டும் பதினாறு மடங்கு பவர் கேட்கிறீர்கள் என்று அர்த்தம். வீட்டில் மெதுவாக வாசிக்கும்போது இனிக்கிற அந்த செட்டிங், மேடையில் ஸ்பீக்கரைக் கிழிக்கும், போதாததற்கு குழுவுக்குள் உங்கள் சத்தம் கரைந்தும் போகும். மேடையில் பேஸைக் கொஞ்சம் இறக்கி, 200 முதல் 800 வரை உள்ள நடுப்பகுதியைக் கொஞ்சம் ஏற்றிப் பாருங்கள். ஹை பாஸ் ஃபில்டர் (குறித்த அதிர்வுக்குக் கீழே இருப்பதை வெட்டிவிடுவது) இருக்கிற ஹெட்டோ பெடலோ கிடைத்தால் 35 அல்லது 40-இல் வைத்துவிடுங்கள், ஒன்றுமே குறைந்த மாதிரி தெரியாது, ஸ்பீக்கர் மட்டும் பிழைத்துக்கொள்ளும்.

அப்புறம் ஓம் கணக்கு. இரண்டு 8 ஓம் பெட்டி சேர்ந்தால் 4 ஓம். இரண்டு 4 ஓம் சேர்ந்தால் 2. எட்டும் நாலும் சேர்ந்தால் சுமார் 2.7. ஆம்பின் பின்னால் "குறைந்தபட்சம் 4 ஓம்" என்று எழுதியிருந்தால் அதற்குக் கீழே போகவே கூடாது, முதல் இரண்டு பாட்டு தாங்கும், மூன்றாவதில் சூடேறி நிற்கும். ஒரு பெட்டியிலிருந்து இன்னொரு பெட்டிக்கு வயர் இழுத்தாலும், ஆம்பிலிருந்து இரண்டு தனி வயர் போட்டாலும் கணக்கு ஒன்றுதான், அதில் மாற்றமே இல்லை. டியூப் ஆம்பின் கதை வேறு. அதில் பெட்டியின் ஓமும் ஆம்பின் ஓம் ஸ்விட்சும் பொருந்த வேண்டும், பெட்டியே மாட்டாமல் ஆன் செய்து வாசித்தால் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் போய்விடும். அதை மாற்றுகிற செலவில் ஒரு நல்ல செகண்ட் ஹேண்ட் பெட்டி வாங்கலாம்.

கிட்டாரிலிருந்து ஆம்புக்குப் போகிற ஷீல்டு வயரை ஆம்பிலிருந்து பெட்டிக்குப் போடாதீர்கள். இரண்டுக்கும் முனை ஒரே மாதிரி இருக்கும், உள்ளே ஓடுகிற கம்பி மெல்லியது, சூடேறி உருகி ஷார்ட் ஆகும். ஸ்பீக்கான் என்கிற பிளக் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். பூட்டிக்கொள்ளும், யாராவது காலால் தட்டினாலும் கழன்று வராது.

மின்சாரம் பற்றி எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்கவில்லை. ஹம் சத்தம் போக வேண்டும் என்று மூன்று பின் பிளக்கின் எர்த் பின்னை உடைப்பது, எர்த் வயரைக் கழற்றிவிடுவது, இது இன்னும் பல மேடைகளில் நடக்கிறது. பேஸ் கம்பி உங்கள் ஆம்பின் எர்த்தோடு சேர்ந்தது. பாடுகிற மைக் மிக்சரின் எர்த்தோடு சேர்ந்தது. ஆம்ப் மேடைப் பக்கத்து பாயிண்டிலும் மிக்சர் ஜெனரேட்டரிலும் இருந்து, ஒரு பக்கத்தில் எர்த் இல்லாமல், உள்ளே ஓர் இன்சுலேஷன் போயிருந்தால், கம்பியில் கை வைத்துக்கொண்டு உதட்டை மைக்கில் வைக்கிறவரின் உடம்பு வழியாக 230 வோல்ட் ஓடும். உயிர் போகிற விஷயம். ஹம் வந்தால் டிஐ பாக்ஸில் (பேஸின் சிக்னலை மிக்சருக்கு அனுப்பும் சின்னப் பெட்டி) இருக்கிற கிரவுண்ட் லிஃப்ட் ஸ்விட்சைத் தட்டுங்கள், அது சிக்னல் வயரின் எர்த்தை மட்டும்தான் பிரிக்கும். சவுண்ட் செக் நேரத்தில், யாரும் எதையும் தொடுவதற்கு முன், மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜில் வைத்து ஒரு முனையை மைக்கின் கம்பி வலையிலும் இன்னொன்றைப் பேஸின் பிரிட்ஜிலும் (கம்பிகளின் கீழ் முனையைத் தாங்குகிற உலோகத் துண்டு) வையுங்கள். பத்து, இருபது வோல்ட் காட்டினால்கூட வாசிக்க உட்காராதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பார்ட்டி அவசரப்படுத்தினாலும் சரி.

எந்த இடத்துக்கு எவ்வளவு என்று கேட்பவர்களுக்கு: சவுண்ட் சர்வீஸ்காரர் கீழ் ஒலிக்கான சப் ஸ்பீக்கர் போட்டு, உங்கள் பேஸையும் டிஐ வழியாக மிக்சருக்கு எடுக்கிறார் என்றால், கூட்டத்துக்குக் கேட்கவைப்பது உங்கள் ஆம்பின் வேலையே இல்லை. உங்களுக்கும் டிரம்ஸ்காரருக்கும் கேட்டால் போதும். அதற்கு 200, 300 வாட்டும் ஒரு இரண்டு-பத்து அல்லது ஒற்றைப் பன்னிரண்டு பெட்டியும் தாராளம். சர்ச், சின்ன ஹால் என்றால் நூறு, நூற்றைம்பது வாட் காம்போ (ஆம்பும் ஸ்பீக்கரும் ஒரே பெட்டியில்) போதும். மைக் செட்டில் பாடகரும் கீபோர்டும் மட்டும் போகிற, பேஸை மேடையிலிருந்தே திறந்தவெளிக்குக் கேட்கவைக்க வேண்டிய ஊர்த் திருவிழாக் கச்சேரிதான் கஷ்டமானது. அங்கே 500 வாட் ஆர்எம்எஸ், இரண்டு பெட்டி, அதற்குக் குறையாமல்.

கல்யாண மண்டபத்தில் பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி வைத்தால், சுவரில் பட்டுத் திரும்புகிற அலை நேரே போகிற அலையை 86 ஹெர்ட்ஸ் அருகே அடித்துவிடும். டி கம்பியின் மூன்றாவது ஃப்ரெட்டில் வரும் எஃப் அங்கேதான் இருக்கிறது, அந்த ஸ்வரம் மட்டும் காணாமல் போகும். ஒட்டி வையுங்கள், கீழ்ப்பகுதி தானாகக் கூடும், பிறகு ஈக்யூவில் குறைத்துக்கொள்ளலாம். பலகை மேடை என்றால் பெட்டிக்கு அடியில் கெட்டியான ஃபோம் வைத்துவிட்டால் மேடை சேர்ந்து உறுமாது.

காதையும் பாருங்கள். 85 டெசிபலில் எட்டு மணி நேரம் என்பது அமெரிக்காவின் நியோஷ் அமைப்பு பரிந்துரைக்கும் எல்லை. ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும், 100 டெசிபலில் கால் மணி நேரம்தான். நம் மேடைகளில் டிரம்ஸ் பக்கத்தில் 100 என்பது சர்வசாதாரணம். இயர் பிளக் போடுங்கள்.

கடைசியாக, பழைய பெட்டி வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வேலை. உங்கள் சொந்த பேஸையே எடுத்துக்கொண்டு போங்கள். மல்டிமீட்டரில் பெட்டியின் ரெசிஸ்டன்ஸைப் பாருங்கள், 8 ஓம் பெட்டி 5.5 முதல் 7 வரை காட்டினால் சரி, அதன் இரண்டு மடங்கோ ஒன்றுமில்லாமலோ காட்டினால் உள்ளே ஏதோ ஒரு ஸ்பீக்கர் போயிருக்கிறது. அப்புறம் மிதமான சத்தத்தில் கீழ் ஈ கம்பியிலிருந்து ஒவ்வொரு ஃப்ரெட்டாக மெதுவாக ஏறுங்கள், உரசல், சரசரப்பு, காற்றுக் கசிவு எந்த ஸ்வரத்தில் வருகிறது என்று காதை அருகில் வைத்துக் கேளுங்கள். கிரில்லைக் கழற்றி ஸ்பீக்கர்கள் எல்லாம் ஒரே மாடலா, இடையில் எதையாவது மாற்றியிருக்கிறார்களா என்றும் பாருங்கள். இதையெல்லாம் செய்ய விற்கிறவர் சம்மதிக்கவில்லை என்றால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் அந்தப் பெட்டி வேண்டாம்.