பணம் கட்டும் முன் மெடிக்கல்: பிள்ளையை விமானியாக்க நினைக்கும் பெற்றோருக்கு

போன வருடம் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒருவர் அழைத்தார். "சார், பையன் பைலட் ஆகணும்ங்கிறான். நாளைக்கு அஞ்சு லட்சம் அட்வான்ஸ் கட்டச் சொல்றாங்க. கட்டிடலாமா?"

"மெடிக்கல் பார்த்தாச்சாங்க?"

"அதெல்லாம் சேர்ந்த பிறகு பார்த்துக்கலாம்னு சொன்னாங்க சார்."

கட்டாதீர்கள் என்றேன். 14 வருடமாகச் சின்ன விமானங்களில் பறக்கச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த ஒரு வார்த்தையை நேரத்துக்குச் சொல்ல ஆளில்லாமல் நொடித்துப்போன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன். நிலத்தை அடமானம் வைத்து முழுத் தொகையையும் கட்டிய ஒரு குடும்பம் இன்னும் மனதில் இருக்கிறது. மாணவன் கெட்டிக்காரன். சேர்ந்த பிறகு எடுத்த மருத்துவப் பரிசோதனையில், வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கும் இஷிஹாரா தேர்வில் தவறினான். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரிந்து தெரியவில்லை. பிறவியிலேயே இருந்திருக்கிறது, அதுவரை யாருக்கும் தெரியாது. கட்டிய பணத்தில் பாதிகூடத் திரும்பவில்லை.

நிறத்துக்கு ஏன் இவ்வளவு முக்கியத்துவம் என்று அவன் அப்பா கேட்டார். ஓடுபாதையின் ஓரத்தில் பாப்பி என்று நான்கு விளக்குகள் வரிசையாக இருக்கும். இரண்டு வெள்ளையும் இரண்டு சிவப்புமாகத் தெரிந்தால் சரியான சரிவில் இறங்குகிறோம். நான்கும் சிவப்பானால் ஆபத்தான அளவுக்குத் தாழ்ந்துவிட்டோம். ரேடியோ செயலிழந்தால் கட்டுப்பாட்டுக் கோபுரம் பச்சை, சிவப்பு ஒளியால்தான் பேசும். இரவில் எதிரே வரும் விமானம் நம்மை நோக்கி வருகிறதா, விலகிப் போகிறதா என்பதை அதன் இடது இறக்கையின் சிவப்பையும் வலது இறக்கையின் பச்சையையும் வைத்தே கண்டுகொள்கிறோம்.

ஆகவே முதல் படி கிளாஸ் 2 மெடிக்கல் என்ற ஆரம்பக்கட்ட மருத்துவப் பரிசோதனை. விமானத் துறையை ஒழுங்குபடுத்தும் மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ அங்கீகரித்த மருத்துவரிடம் எடுக்க வேண்டும். ஃப்ளையிங் ஸ்கூலில் கட்டும் தொகையோடு பார்த்தால் இதற்கு ஆகும் செலவு மிகச் சொற்பம். வணிக விமானி உரிமத்துக்கு, அதாவது சிபிஎல்லுக்கு, கிளாஸ் 1 வேண்டும். இயலுமானால் அதையும் பணம் கட்டுவதற்கு முன்பே முடித்துவிடுங்கள். கண்ணாடி போட்டிருப்பதாலேயே யாரையும் ஒதுக்குவதில்லை. திருத்திய பார்வை தேவையான அளவுக்கு இருந்தால் போதும். பழைய அறுவைச் சிகிச்சை, வலிப்பு, ஆஸ்துமா எதையும் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். இன்று மறைத்தது பின்னால் ஒரு மறுபரிசோதனையில் தெரியவந்தால் உரிமம், வேலை இரண்டும் கேள்விக்குறியாகும்.

படிப்பைப் பொறுத்தவரை சிபிஎல்லுக்கு 12-ஆம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் கேட்கிறார்கள். காமர்ஸ் படித்தவர்கள் அந்த இரண்டு பாடங்களையும் என்ஐஓஎஸ் என்ற தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாக எழுதிவிட்டு வருவதுண்டு. வயது, மாணவர் உரிமத்துக்கு 16, சிபிஎல்லுக்கு 18.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கென்றே ஒரு சிக்கல் உண்டு. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் மட்டும் இருக்கும். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்து கடைசிப் பெயராக நிற்கும். ஆதாரில் வேறு எழுத்து. தேர்வெழுத டிஜிசிஏ தரும் கம்ப்யூட்டர் நம்பரில் தொடங்கி உரிமம் வரை பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். இதைச் சரிசெய்யவே மாதக்கணக்கில் அலைந்த மாணவர்கள் என்னிடம் இருந்திருக்கிறார்கள். மெடிக்கலுக்குப் போவதற்கு முன்பே எல்லா ஆவணங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

அடுத்தது எழுத்துத் தேர்வுகள். விமான விதிமுறைகள், வழிசெலுத்தல், வானிலை, விமானத் தொழில்நுட்பம் ஆகிய பாடங்கள். ஒவ்வொன்றிலும் 70 விழுக்காடு எடுக்க வேண்டும். இவற்றோடு ஆர்டிஆர் என்ற ரேடியோ தொலைபேசித் தேர்வு. பறந்துகொண்டே படிக்கலாம் என்று சில பள்ளிகள் சொல்லும். என் அனுபவத்தில், பாடங்களை முடித்துவிட்டு விமானத்தில் ஏறுகிறவர்கள்தான் குறைந்த செலவில் வெளியே வருகிறார்கள். பறத்தல் கைப்பழக்கம். மூன்று வாரம் தேர்வுக்கென்று விட்டுவிட்டு வந்தால், முன்பு செய்த தரையிறக்கத்தை மறுபடி முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும். அந்த மறுபழக்கத்துக்கும் மணிக்கணக்கில் காசு.

தமிழ் வழியில் படித்தவர்கள் ஆர்டிஆரை நினைத்துப் பயப்படுகிறார்கள். வேண்டாம். வானொலியில் நாம் பேசுவது கதை எழுதும் ஆங்கிலம் அல்ல. யாரைக் கூப்பிடுகிறோம், நாம் யார், எங்கே இருக்கிறோம், என்ன வேண்டும் என்ற ஒரே வரிசை. சொற்களும் வரையறுத்தவை. ஏடிசி, அதாவது கட்டுப்பாட்டுக் கோபுரம், சொன்னதைப் பிசகாமல் திருப்பிச் சொல்வதுதான் பெரிய பாடம். புரியாவிட்டால் 'சே அகெய்ன்', மறுபடி சொல்லுங்கள், என்று கேட்பதில் வெட்கமே கூடாது. சரளமாக ஆங்கிலம் பேசும் பிள்ளைகளில் சிலர் காதில் அரைகுறையாக விழுந்ததற்கு 'ராஜர்', அதாவது முழுதும் கேட்டுக்கொண்டேன் என்று, சொல்லிவிடுவார்கள். எனக்கு அவர்களிடம்தான் கவலை அதிகம்.

இனிப் பறத்தல். சிபிஎல்லுக்கு 200 மணி நேரம் என்பது எல்லோருக்கும் தெரியும். அதன் உள்கணக்கு பலருக்குத் தெரியாது. 100 மணி நேரம் விமானத்தின் பொறுப்பு முழுதும் மாணவரிடம் இருக்க வேண்டும். அதில் 20 மணி நேரம் ஊர் விட்டு ஊர் போகும் கிராஸ்கன்ட்ரி. அதற்குள் ஒரு பயணம் 300 கடல் மைலுக்குக் குறையாமல், வேறு வேறு இரண்டு விமான நிலையங்களில் இறங்கி ஏறியதாக அமைய வேண்டும். கருவிகளை மட்டும் பார்த்துப் பறந்தது 10 மணி. இரவில் 5 மணி, அதில் பத்து ஏற்றமும் பத்து இறக்கமும் மாணவரின் பொறுப்பில்.

இந்த உள்கணக்கில்தான் வெளிநாடு போய் வருகிறவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். உரிமத்தோடு ஊர் திரும்பிய ஒரு பெண் என்னிடம், பறந்த மணிநேரத்தைப் பதியும் லாக்புக்கைக் கொடுத்தாள். மொத்த மணிநேரம் தாராளமாக இருந்தது. ஆனால் இரவுப் பறத்தல் முழுதும் பக்கத்தில் இன்ஸ்ட்ரக்டரை வைத்துக்கொண்டு நடந்திருக்கிறது. அந்த நாட்டு விதிப்படி அதைத் தன் பொறுப்பில் பறந்ததாக எழுதிக்கொள்ள முடிந்தது, இங்கே ஏற்கவில்லை. சில மணி நேரக் குறையை நிரப்ப மறுபடி ஒரு பள்ளியில் சேர்ந்து, வரிசையில் காத்திருந்தாள். வெளிநாடு போவது தவறே இல்லை. வானிலையும் விமான எண்ணிக்கையும் அங்கே சாதகமாக இருந்தால் வேகமாக முடியும். போகும்போது டிஜிசிஏ விதியின் அச்சுப்படி ஒன்று பையில் இருக்கட்டும். முதல் நாளே அதை அங்குள்ள பயிற்சியாளரிடம் காட்டட்டும்.

மணிநேரத்தைப் பற்றி இன்னொன்று. விமானம் புறப்படுவதற்காக நகரத் தொடங்கிய நொடியிலிருந்து இறங்கி வந்து நிற்கும் வரை கணக்கு ஓடும். பயணிகள் விமானங்கள் நிறைய வரும் நிலையத்தில் பள்ளி இருந்தால், ஓடுபாதைக்கு முன்னால் காத்திருப்பதிலேயே நேரம் கரையும். லாக்புக்கில் ஒரு மணி என்று இருக்கும்; மாணவர் ஆகாயத்தில் இருந்தது அதைவிடக் குறைவு. நெரிசலான நிலையத்தில் ரேடியோ பழக்கம் நன்றாக வரும் என்பது உண்மைதான். இருந்தாலும் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும்போது இதையும் கேளுங்கள்.

முதல் தனிப்பறத்தல் நாளை எந்த விமானியும் மறக்க மாட்டார். விமான நிலையத்தைச் சில சுற்று என்னோடு அடித்த பிறகு, ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கதவைத் திறந்து இறங்கிவிடுவேன். ஓர் ஆளின் எடை குறைந்ததால் செஸ்னா என்ற அந்தச் சின்னப் பயிற்சி விமானம் சட்டென்று மேலே எழும். அது மாணவருக்குத் திகைப்பாக இருக்கும் என்பதால் முன்பே சொல்லி அனுப்புவேன். கீழே நின்று நான்கு திருப்பங்களையும் எண்ணியபடி அந்தச் சக்கரங்கள் தரை தொடும்வரை நான் யாரிடமும் பேசுவதில்லை. சிலருக்கு இது சீக்கிரம் வரும், சிலருக்கு இன்னும் பத்து மணி கூடுதலாகும். "பக்கத்து வீட்டுப் பையன் போய்ட்டானாமே, நீ இன்னும் போகலையா?" என்று தயவுசெய்து போனில் கேட்காதீர்கள். அந்தக் கேள்வியோடு காக்பிட்டில் உட்காரும் பிள்ளை, சரியில்லாத இறக்கத்தைக் கைவிட்டு மறுபடி மேலே ஏறத் தயங்கும். 'கோ அரவுண்ட்' போவது தோல்வியே இல்லை என்று நான் முதல் நாளிலிருந்து சொல்லி வளர்ப்பதை அந்த ஒரு கேள்வி கெடுத்துவிடும்.

பறக்காத மணியை லாக்புக்கில் எழுதித் தருகிறோம் என்று யாராவது சொன்னால் அன்றே வெளியேறுங்கள். போலி மதிப்பெண் பட்டியல் கொடுத்து உரிமம் வாங்கிய வழக்கில் 2011-இல் இந்தியாவில் விமானிகள் கைதானார்கள். சிறையைவிட எனக்குப் பெரிய பயம், பழகாத கையில் ஒரு நாள் குறுக்குக் காற்று அடிக்கப் போகிறதே என்பதுதான்.

சிபிஎல் கையில் வந்ததும் வேலை வந்துவிடாது. ஒன்றுக்கு மேற்பட்ட எஞ்சின் கொண்ட விமானத்துக்கான தகுதி, கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான இன்ஸ்ட்ரூமென்ட் ரேட்டிங், பிறகு ஏ320 அல்லது 737 போன்ற ஒரு விமான வகைக்கான டைப் ரேட்டிங், விமான நிறுவனத்தின் எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் தேர்வு, நேர்காணல். தேர்வானாலும் மூத்த கேப்டன்களின் பார்வையில் பல பயணங்கள் பறந்த பின்பே துணை விமானியாக விடுவிப்பார்கள். கேப்டன் இருக்கைக்கு வேண்டிய ஏடிபிஎல் என்ற உரிமத்துக்கு 1,500 மணி. அழைப்புக்காக ஒன்றிரண்டு வருடம் காத்திருந்த நல்ல மாணவர்களை எனக்குத் தெரியும். டைப் ரேட்டிங்குக்குத் தனியாகப் பல லட்சங்களும் காத்திருக்கும் காலத்துக்கு வட்டியும் கையில் இல்லாமல் இறங்காதீர்கள்.

பள்ளிக்கு நேரில் போங்கள். அலுவலக அறையைவிட, விமானங்கள் நிற்கும் கொட்டகையான ஹேங்கரில் அதிக நேரம் இருங்கள். எத்தனை விமானங்கள் பறக்கின்றன, எத்தனை உதிரிபாகத்துக்காக நிற்கின்றன, ஒரு மாணவருக்குப் போன மாதம் எத்தனை மணி கிடைத்தது என்று அங்கே படிக்கிறவர்களிடமே கேளுங்கள். டிஜிசிஏ வெளியிடும் பயிற்சிப் பள்ளித் தரவரிசையையும் பாருங்கள். பணத்தைத் தவணையாக, பறந்த மணிக்கு ஏற்பக் கட்டுவதாக எழுத்தில் வாங்குங்கள். மறுத்தால் வேறு பள்ளி பாருங்கள்.

புதுக்கோட்டைக்காரர் அட்வான்ஸ் கட்டவில்லை. பையனுக்குக் கிளாஸ் 2 முடிந்து கிளாஸ் 1-உம் ஆகிவிட்டது. வானிலையிலும் விதிமுறைகளிலும் தேறிவிட்டான். வழிசெலுத்தலில் 66 எடுத்துத் தவறி, மறுபடி எழுதப் போகிறான். காற்றுத் திசைக் கணக்கில் எங்கே பிசகுகிறான் என்று ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பார்த்துக்கொண்டிருக்கிறோம்.